சிறு போத்தல் கூறும் பெருஞ் செய்தி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், நம்மிடம் விஞ்ஞானம் கற்றுச் சென்ற இளைஞர் ஒருவர் நம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அரசாங்க உத்தியோகம் ஒன்றுக்குத் தெரிவுசெய்யப்பட்டிருந்த அவருடைய முகத்திலே மகிழ்ச்சியைக் காணோம். வைத்தியச் சான்றிதழ் பெறும்பொருட்டு முதல் நாள் அவருடைய சிறுநீரைச் சோதித்தபோது, அதிலே அல்புமின் என்னும் புரதம் காணப்பட்டது. மறுமுறையும் கொண்டுவரும்படி பணித்து அனுப்பியிருந்தனர். சிறிது நேரம் தயங்கி இருந்துவிட்டு, "சேர், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாளைக்கு என்னுடைய தம்பியின் சலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?" என்று கேட்டார்.

அவருக்கு நாம் கூறிய மறுமொழியைப் பின்னர்ச் சொல்வோம். அந்தக் கேள்வியை எழுப்பிய அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. எந்த வைத்தியசாலையிலும் காலை வேளையில் ஆய்வுகூடச் சாளரத்தின் முன் நிற்பவர்களைப் பாருங்கள். இரத்தம் கொடுப்பதற்குக் கையை நீட்ட அஞ்சாதவர்களும், கையிலுள்ள சிறு போத்தலைக் கடதாசியிற் சுற்றிப் பைக்குள்ளே மறைத்து வைத்திருப்பர். கொடுக்கும்போது நாணம், முடிவைப் பெறும்போது அச்சம். முடிவு எழுதிய துண்டு கைக்கு வந்த பின்னரோ, அதிலுள்ள ஆங்கில எழுத்துக்கள் விளங்காத மயக்கம்.

ஊசி குத்தாமல், நோவு தராமல், பெருஞ் செலவுமின்றி, உடம்பின் உள்ளே நடப்பதை அறிவதற்குச் சிறுநீர்ப் பரிசோதனையைப் போன்ற எளிய வழி வேறில்லை. எனினும், கொடுப்பவர் முறையாகக் கொடுத்தாலன்றி அது உண்மை கூறாது. இதன் அடிப்படைகளை நம் குடும்பத்தினரும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று.

முன்னோர் கண்ட குறிகள்

சிறுநீரைக் கொண்டு நோயறிதல் மேலைநாட்டாரிடமிருந்து நாம் முதன்முதலாகக் கற்ற வித்தையன்று. நமது சித்த வைத்தியத்திலே நோயறியும் வழிகள் எட்டு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. இவற்றுள் மூத்திரத்தைச் சோதிக்கும் முறையை நீர்க்குறி, நெய்க்குறி என இரண்டாக வகுத்தனர். தேரையர் பெயரால் வழங்கும் நூல்கள் இதனை விரித்துரைக்கின்றன.

நீர்க்குறியிலே நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்து பார்க்கப்படும். எஞ்சல் என்பது அடியிலே தங்கும் மண்டி. நெய்க்குறி என்பது, விடியற்காலையிற் பிடித்த சிறுநீரின் மேல் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பரவும் வகையைப் பார்ப்பது. துளி பாம்புபோல நீண்டால் வாதம், மோதிரம்போல வளைந்தால் பித்தம், முத்துப்போலத் திரண்டு நின்றால் கபம் எனக் கொள்வர். யாழ்ப்பாணத்துப் பரியாரிமார் பலர் இம்முறையை அறிந்திருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவம் பயிலும் மாணவர்கள் இன்றும் இதனைக் கற்கின்றனர்.

இக்கால ஆய்வுகூடத்திலும் முதலிற் பார்ப்பது நிறம், தன்னீர்ப்பு, மணம், நுரை, மண்டி ஆகியவற்றையே என்பதை மாணவர்கள் கருதிப் பார்க்கவேண்டும். நீரின் அடர்த்தியோடு ஒப்பிடும்போது ஒரு திரவத்தின் அடர்த்தி எத்தனை மடங்கு என்பதே தன்னீர்ப்பு. முன்னோர் எடை என்றது இதற்கு மிக அண்மையது. நெய்க்குறியை ஒத்த ஒரு சோதனையும் மேலை வைத்தியத்தில் இருந்தது. சிறுநீரின் மேற்பரப்பிலே கந்தகத் தூளைத் தூவினால் அது வழக்கமாக மிதக்கும். காமாலையிலே பித்த உப்புக்கள் சிறுநீரிற் கலந்திருந்தால் தூள் அமிழ்ந்துவிடும். பித்த உப்பு மேற்பரப்பின் இழுவிசையைக் குறைப்பதே அதற்குக் காரணம். எண்ணெய்த் துளியின் பரவலிலும் இந்த விசைக்குப் பங்குண்டு. இதனால் அல்புமினையும் வெல்லத்தையும் இன்று பிரித்தறிவதுபோல முன்னோரும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் தகாது. எனினும், சிறுநீர் அருவருத்து ஒதுக்கும் பொருளன்று, கூர்ந்து நோக்கவேண்டிய சாட்சி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மேலை வைத்தியமும் நமது மண்ணிலே தமிழிற் பேசியதுண்டு. அமெரிக்காவிலிருந்து 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தியதோடு, நம் இளைஞர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். உடலமைப்பு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய துறைகளில் அவர் ஆக்கியும் ஆக்குவித்தும் வெளியிட்ட தமிழ் நூல்கள் பல. 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. ஆகவே, சிறுநீரையும் அதன் சோதனையையும் பற்றித் தமிழிலே தாராளமாகப் பேசுவதற்கு நாம் கூசவேண்டியதில்லை.

சிறுநீர் பிறக்கும் வகை

நம் முதுகுப்புறத்திலே, கடைசி விலா எலும்புகளின் அருகே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் அமைந்துள்ளன. இவற்றினூடாக ஒரு நாளில் வடியும் நீர் ஏறக்குறைய 180 லீற்றர். இவ்வளவும் வெளியேறுமாயின் நாம் ஒரு நாளும் உயிர் வாழ இயலாது. வடிந்த நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கையும், அதனோடு வெல்லத்தையும் வேண்டிய உப்புக்களையும், நுண்குழாய்கள் மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சி வெளியேறுவது நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் அளவானதே.

சுகதேகியின் சிறுநீரிற் பெரும்பகுதி நீர். அதிலே யூரியாவும் உப்புக்களும் வேறு சில கழிவுகளும் கரைந்திருக்கும். வெல்லமும் புரதமும் அதிலே சாதாரண சோதனைக்குப் புலப்படும் அளவில் இருத்தலாகாது. புரதம் கசிகின்றதென்றால் வடிகட்டியில் ஏதோ குறை. வெல்லம் வழிகின்றதென்றால், பெரும்பாலும் இரத்தத்திலே அது அளவுக்கு மிஞ்சிவிட்டது. சிறுநீர்ப் பரிசோதனையின் அடிப்படைத் தத்துவம் இதுவேயாகும்.

கண்ணுக்குப் புலனாவன

சுகதேகியின் சிறுநீர் வைக்கோலின் இளமஞ்சள் நிறமானது. நீர் மிகுதியாகப் பருகினால் வெளிறும். வெயிலிலே வியர்த்து, நீர் பருகாதிருந்தால் கடுமஞ்சளாகும். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத நமது குடாநாட்டிலே, தோட்டத்தில் நாள் முழுவதும் நின்று பாடுபடும் கமக்காரர் பலர் பயிருக்கு இறைக்கும் நீரிலே தமக்கு இரண்டு செம்பு குடிக்க மறந்துவிடுகின்றனர். அவர்களுடைய சிறுநீரின் நிறமே அவர்களுக்கு முதல் எச்சரிக்கை. செறிந்த சிறுநீரிலே உப்புக்கள் பளிங்குகளாகப் படிந்து கல்லாவதற்கு இடமுண்டு. முன்பு கல் கண்டவர்கள், நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் கழியுமளவுக்கு நீர் பருகவேண்டும் என்பது வைத்தியர் கூறும் விதி. இருதய நோயாளரும் சிறுநீரகம் பழுதுற்றவர்களும் மட்டும் தம் வைத்தியர் கூறும் அளவையே கைக்கொள்ளல் வேண்டும்.

தேயிலைச் சாயம் போன்ற கருமை காமாலையைக் குறிக்கலாம். சிவப்பு, இரத்தத்தைக் குறிக்கலாம். ஆனால் நிறம் மாறிய உடனே நடுங்கவேண்டியதில்லை. பீற்றூட் கறி உண்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். விற்றமின் மாத்திரைகளிற் சில அதைப் பளிச்சிடும் மஞ்சளாக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்து செம்மஞ்சள் நிறமாக்கும். உண்டதையும் உட்கொண்ட மருந்தையும் வைத்தியரிடம் மறையாது கூறினால் வீண் அச்சம் நீங்கும்.

கழித்தபின் நெடுநேரம் அடங்காத நுரை நாள்தோறும் காணப்படுமானால் அதைப் பொருட்படுத்தவேண்டும். புரதம் கலந்த நீர் நுரைக்கும். முட்டையின் வெண்கருவை அடித்தால் நுரைப்பதும் அதிலுள்ள புரதத்தினாலேதான்.

நீலமும் செங்கல் நிறமும்

சலரோகம் என நம்மவர் கூறும் நீரிழிவு நோய் பழமையானது. நோயாளியின் சிறுநீரை எறும்பு நாடுவதைப் பாரத நாட்டுப் பண்டை வைத்தியர்கள் கண்டு, அதனை மதுமேகம் என அழைத்தனர். இங்கிலாந்திலே தோமஸ் வில்லிஸ் என்னும் வைத்தியர், அதன் தேன்போன்ற இனிப்பைப் பற்றி 1674இல் எழுதினார். சுவைத்துப் பார்த்தே அவர் அதை அறிந்தார். மத்தேயு டொப்சன் என்பவர் 1776இல் அச்சிறுநீரை ஆவியாக்கி, எஞ்சியது வெல்லமே எனக் காட்டினார்.

நாவின் வேலையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நீலத் திரவம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க இரசாயன அறிஞர் ஸ்ரான்லி பெனடிக்ற் ஆக்கிய அக்கரைசல், இன்று நம் பாடசாலை ஆய்வுகூடங்களில் உணவுச் சோதனைக்குப் பயன்படுவதை மாணவர் அறிவர். செப்புச் சல்பேற்று, சோடியம் காபனேற்று, சோடியம் சித்திரேற்று என்பன கலந்த கரைசல் அது. அதில் ஐந்து மில்லி லீற்றரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, எட்டுத் துளி சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தல் வேண்டும். வெல்லம் இல்லையாயின் நீலம் நீலமாகவே நிற்கும். சிறிது இருப்பின் பச்சை. மேலும் இருப்பின் மஞ்சள், செம்மஞ்சள். நூற்றுக்கு இரண்டு வீதமும் அதற்கு மேலும் இருப்பின் செங்கல் நிறம். வெல்லம் செப்பை ஒட்சிசன் இறக்கிச் செந்நிறச் செப்பு ஒட்சைட்டாக்குவதே இம்மாற்றம்.

இச்சோதனை வெல்லத்தைக் காட்டும். அவ்வெல்லம் எங்கிருந்து வந்தது என்று கூறாது. நம் உறவினரான மாமி ஒருவர், வீட்டில் அகப்பட்ட சிறு போத்தலொன்றிலே சிறுநீரைக் கொண்டு சென்றார். செங்கல் நிறம் வந்தது. இரத்தத்தையும் சோதிக்கவேண்டும் எனக் கூறியபோது, அவர் பயத்தினால் வீடு திரும்பிவிட்டார். அன்று முதல் பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்; கோயிற் பொங்கலையும் தொடவில்லை. காலையும் மாலையும் பாகற்காய்ச் சாறு. ஒரு மாதத்திலே மெலிந்து ஒடுங்கிவிட்டார். மக்கள் வற்புறுத்தி அழைத்துச் சென்று சோதித்தபோது, இரத்தத்திலும் குறையில்லை, சிறுநீரும் நீலமாகவே நின்றது. பின்னர் விசாரித்ததில், முதலிற் கொண்டுசென்ற போத்தலிலே முன்பு தேன் இருந்ததாம்! மாமிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

சோதனைக் கீலங்கள் வந்தபின் பெனடிக்ற் கரைசலின் ஆட்சி குறைந்தது. குளுக்கோசு ஒன்றை மட்டும் காட்டும் கீலம் 1956இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர்களுள் எலன் பிறீ, அல்பிரட் பிறீ என்னும் தம்பதியர் முதன்மையானவர்கள். இன்றைய கீலமொன்றிலே வெல்லம், புரதம், இரத்தம், கீற்றோன், பித்தம் முதலிய பலவற்றையும் சோதிக்கும் சதுரங்கள் உள்ளன. சிறுநீரில் தோய்த்தெடுத்துக் குறித்த நேரத்தில் நிறத்தை ஒப்பிடவேண்டும். ஆனால் கீலமும் தேன் போத்தலை மன்னிக்காது; தேனிலும் குளுக்கோசு உண்டு.

இன்னுமொன்று: இரத்தத்திலே வெல்லம் நூறு மில்லி லீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினாற்றான் பெரும்பாலானோருக்கு அது சிறுநீரில் வழியும். ஆதலால், சிறுநீரில் வெல்லம் இல்லை என்பதைக் கொண்டு நீரிழிவு இல்லை எனத் துணிதல் பிழை. நீரிழிவை அறிவதற்கும் அளந்து கட்டுப்படுத்துவதற்கும் இக்காலத்தில் இரத்தப் பரிசோதனையே உரியது.

கரண்டியும் மெழுகுதிரியும்

இலண்டன் நகரிலே கை வைத்தியசாலையிற் பணியாற்றிய றிச்சட் பிரைற்று என்னும் வைத்தியர், உடல் வீங்கி வந்த சில நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுதிரிச் சுவாலையிற் பிடித்துச் சூடாக்கினார். முட்டை வெண்கரு அவிந்தாற்போல அது வெண்மையாகத் திரண்டது. அவர்கள் இறந்தபின் ஆராய்ந்தபோது சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்தன. உடல் வீக்கம், சிறுநீரில் அல்புமின், சிறுநீரகப் பழுது என்னும் மூன்றையும் தொடர்புபடுத்தி 1827இல் அவர் நூல் வெளியிட்டார்.

நீண்ட காலம் ஆய்வுகூடங்களிற் செய்யப்பட்ட சோதனை இதன் வழிவந்ததே. குழாயில் முக்காற் பங்கு சிறுநீர் எடுத்து மேற்பகுதியை மட்டும் கொதிக்க வைப்பர். அங்கே வெண்மேகம் போன்ற கலங்கல் தோன்றினால், சில துளி ஐதான அசற்றிக்கமிலம் விடுவர். கலங்கல் மறைந்தால் அது வெறும் பொசுபேற்று உப்பு. மறையாது நின்றால் அல்புமின். குழாயின் கீழ்ப்பகுதி தெளிவாகவே இருப்பதால் ஒப்புநோக்குதல் எளிது.

இனி, தொடக்கத்திற் கூறிய இளைஞரிடம் மீள்வோம். தம்பியின் சலத்தைக் கொடுக்கலாமா எனக் கேட்ட அவருக்கு, "உம்முடைய தம்பியின் சலம் தம்பியின் சிறுநீரகத்தைப் பற்றித்தான் பேசும். உத்தியோகத்துக்குப் போகப்போவது நீர்தானே?" என்றோம். அவர் தலை குனிந்தார். "இரண்டாம் முறை கேட்டது உம்மைத் தள்ளிவிடுவதற்கு அல்ல. காய்ச்சலில் வரலாம், ஓடி விளையாடினால் வரலாம், இளவயதினர் சிலருக்கு நின்று நடமாடும்போது மட்டும் வந்து, படுத்தெழுந்தால் மறையவும் செய்யும். நாளைக்கு விடிய, படுக்கையால் எழும்பின உடனே பிடித்துக் கொண்டுபோம். விளையாடிவிட்டுப் போகவேண்டாம்" என்றோம். பந்தடித்துவிட்டு நேரே சென்று கொடுத்ததே முதல் முறை நடந்தது என அவர் அப்போதுதான் கூறினார். நமக்கும் சிறிது ஆறுதல் உண்டாயிற்று.

ஆனால் மறுநாட் காலைச் சிறுநீரிலும் அல்புமின் இருந்தது. நுணுக்குக்காட்டியிலே இரத்தக் கலங்களும் தென்பட்டன. இரத்த அழுத்தத்தை அளந்தபோது, அது அவருடைய வயதுக்கு மிகுதியாக இருந்தது. சிறுநீரக வடிகட்டிகளிலே அழற்சி உண்டாகியிருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சலும் இல்லை. "ஒரு வருத்தமும் இல்லை" என்று அவர் கூறியது பொய்யன்று. சிறுநீரக நோயின் கொடுமையே அதுதான். பெரும்பகுதி கெடும்வரை அது வாய் திறவாது. தக்க காலத்திலே சிகிச்சை தொடங்கிற்று. உத்தியோகம் சில மாதம் பிந்திக் கிடைத்தது. இன்றும் தவணை தவறாமற் கிளினிக்குச் சென்று, மருந்தும் உணவுக் கட்டுப்பாடுமாக நலமுடன் இருக்கிறார். தம்பியின் போத்தல் அன்று அந்தச் சாளரத்தைக் கடந்திருந்தால், சான்றிதழ் உடனே கிடைத்திருக்கும். சிறுநீரகம் மிஞ்சியிருக்குமா என்பதை நினைக்கவே நமக்கு இன்றும் நடுக்கமுண்டாகிறது.

கர்ப்பவதிகளுக்கு இச்சோதனையின் அருமை இன்னும் பெரிது. கருவுற்று இருபது வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரில் அல்புமினும் தோன்றினால், வலிப்புக் கண்டு தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேரலாம். ஒவ்வொரு முறையும் கிளினிக்கிலே சிறுநீர் கேட்பது இதற்காகவே. "போனமுறைதானே பார்த்தது" என்று போத்தலை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் இளந்தாய்மாருக்கு, வீட்டிலுள்ள மூத்தோர் இதை எடுத்துக் கூறவேண்டும்.

எனினும் அல்புமின் இல்லை என்ற ஒன்றையே நம்பியிருத்தலும் ஆகாது. அனுராதபுரம் முதலிய வடமத்திய மாகாணப் பகுதிகளிலே 1990கள் முதல் கமக்காரரிடையே பெருமளவிற் காணப்படும், காரணம் முற்றாகத் துணியப்படாத சிறுநீரக நோயிலே, தொடக்கத்தில் அல்புமின் சிறிதளவே வெளிப்படுதல் உண்டு. ஐயம் உள்ளவிடத்து, இரத்தத்திலே கிரியற்றினின் அளவையும் பார்ப்பர்.

நுணுக்குக்காட்டியின் கீழ்

அடுத்து, சிறுநீரிற் பத்து மில்லி லீற்றர் அளவை எடுத்து, விரைந்து சுழலும் பொறியில் ஐந்து நிமிடம் சுழற்றுவர். அடியிலே தங்கும் மண்டியில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு நுணுக்குக்காட்டியாற் பார்ப்பர். முன்னோர் எஞ்சல் என்றது இங்கே உருவங்களாகக் காட்சி தரும். வெண்குழியங்கள் மிகுந்திருந்தால் நோய்க்கிருமி புகுந்ததற்கு அறிகுறி. செங்குழியங்கள் மிகுந்திருந்தால், கல்லோ அழற்சியோ வேறு நோயோ என ஆராய்வர். கடிதவுறை போன்ற வடிவிற் காணப்படுவன ஒட்சலேற்றுப் பளிங்குகள். நுண்குழாய்களினுள்ளே புரதம் உறைந்து, அச்சில் வார்த்தாற்போல உருளையாக வெளிவருவன வார்ப்புக்கள். செங்குழியம் பதிந்த வார்ப்பு ஒன்று தென்பட்டாலும், பழுது சிறுநீரக வடிகட்டியிலேயே என்று வைத்தியர் கருதுவர்.

'யூ.எப்.ஆர்.' எனப்படும் முழு அறிக்கையிலே இவையாவும் எழுதப்பட்டிருக்கும். 'நில்' என்றால் இல்லை. 'ற்றேஸ்' என்றால் மிகச் சிறிதளவு. 'பிளஸ்' அடையாளம் ஒன்று முதல் நான்கு வரை கூடக் கூட அளவு மிகுதி. 'பஸ் செல்ஸ்' என்பன வெண்குழியங்கள். நுணுக்குக்காட்டியின் ஒரு பார்வைப் புலத்திலே ஐந்துக்கு உட்பட்டிருந்தாற் பெரும்பாலும் குறையில்லை. இவ்வளவு அறிந்தால் வீண் திகில் குறையும். ஆனால், அறிக்கையைத் தாமே படித்துத் தாமே மருந்து வாங்குதல் கூடாது. நோயாளியைக் கண்ட வைத்தியரே அதற்குப் பொருள் கூறவேண்டியவர்.

போத்தலை ஏந்துமுன்

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் எத்துணைத் திறமையுடையவராயினும், போத்தலில் உள்ளதையே அவர் சோதிக்க முடியும். ஆகவே நமது கடமைகளும் சில உண்டு.

முதலாவது, போத்தல். ஆய்வுகூடத்தார் தரும் போத்தலே சிறந்தது. மருந்துப் போத்தலும் தேன் போத்தலும் சவர்க்காரம் ஒட்டிய போத்தலும் ஆகா. கிருமி வளர்ப்புச் சோதனைக்காயின், அவர்கள் தரும் கிருமி நீக்கிய போத்தலையன்றி வேறெதையும் தொடலாகாது. மூடியின் உட்புறத்தில் விரல் படுதலும் பிழை.

இரண்டாவது, பிடிக்கும் முறை. உறுப்பை நீரினாற் கழுவியபின், முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, கடைசியையும் விட்டுவிடல் வேண்டும். முதற்பகுதி வெளித்தோலிலுள்ள அழுக்கையும் கிருமியையும் அடித்துக்கொண்டு வரும். மாதவிலக்கு நாட்களிலே பெண்கள் அதனை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். சொல்லாவிடில், இல்லாத நோய்க்கு ஆராய்ச்சி நடக்கும்.

மூன்றாவது, நேரம். புரதமும் மண்டியும் பார்ப்பதற்கு விடியற்காலையில் முதலிற் கழிக்கும் செறிந்த சிறுநீர் ஏற்றது. பிடித்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் அது ஆய்வுகூடத்தை அடைதல் வேண்டும்; இயலாவிடிற் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். ஏன் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிருமி அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகிறது எனக் கொண்டால், நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டித்து 256 ஆகும். நூறு கிருமிகள் 25,600 ஆகும். வெல்லமிருந்தால் அதையும் அவை உண்டுவிடும். குருதிக் கலங்களும் சிதைந்துபோகும். இல்லாத நோய் இருப்பதாகவும், இருக்கும் நோய் இல்லாததாகவும் தோன்றும். நெடுந்தீவிலிருந்து விடியற்காலையிற் பிடித்த போத்தலோடு குறிகாட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாண நகருக்கு வருபவர், வெயிலிலே அந்தப் போத்தலைச் சுமந்துவருவதிலும், நகர் வந்து சேர்ந்தபின் வைத்தியசாலையிலேயே கொடுப்பது நன்று.

நான்காவது, பெயர். போத்தலின் மூடியிலன்றிப் போத்தலின் மேலேயே பெயர் ஒட்டப்படல் வேண்டும், மூடிகள் மாறக்கூடும். ஐந்தாவது, உண்மை. உட்கொள்ளும் மருந்துகளையும் அண்மையிற் கண்ட காய்ச்சலையும் மறைக்கலாகாது.

ஒரு பழுதுற்ற சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரத்தினால் இரத்தம் சுத்திசெய்வதற்கு, வாரத்திலே இரண்டு மூன்று நாட்கள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரமளவில் நோயாளி கட்டிலிற் கிடக்கவேண்டும். அவரோடு ஒரு குடும்பமே காத்திருக்கும். அதனோடு ஒப்பிடும்போது, சுத்தமான ஒரு சிறு போத்தலை ஏந்திச் சென்று வெட்கமின்றிச் சாளரத்தில் நீட்டுவது எத்துணைச் சிறு காரியம்! நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்வித்தல் வேண்டும். இல்லங்களிலே தாய் தந்தையரைப் பிள்ளைகள் அழைத்துச் செல்லட்டும். நாணத்தினால் மறைக்கும் பாட்டிமாருக்குப் பேத்திமார் போத்தலை எடுத்துக் கொடுக்கட்டும். அந்தச் சாளரத்தில் நாம் நீட்டுவது நமது சொந்தப் போத்தலாகவும் இருக்கட்டும்.